முரியுகி பெயர் போட்ட கையுறை

நியாகுதிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று கினாங்கோப் வட்டாரம் முழுக்கச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஜூலை மாதத்தில் விடிவதற்கு முன்னால் எழுந்து, மலைக்குளிரும் தூறலும் முகத்தில் அறைய, பின்னால் பால்கேன்களைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் பைக் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும். அவள் அதை வருஷக்கணக்காகச் செய்கிறாள். கணவன் நைரோபிக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டபோது அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. அவன் விட்டுப்போன பசுவை விற்றாள், பைக்கை வாங்கினாள். காலையில் தோட்டம் தோட்டமாகப் பாலெடுத்துக் குளிர்பதன நிலையத்தில் சேர்ப்பாள். அதற்குப் பிறகு சந்தை முனை பைக் டாக்சி ஸ்டாண்டில் முறைக்கு நின்று ஆளேற்றுவாள். அந்த ஸ்டாண்டில் பெண் அவள் ஒருத்திதான்.

ஸ்டாண்டுக்குத் தலைவர் முரியுகி. பைக்கை விட்டுக் காருக்கு மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பதவியை மட்டும் விடவில்லை. இந்த வருஷம் வார்டு தேர்தலில் நிற்கிற ஆசை வேறு. அதனால் திடீரென்று ஓட்டுநர்களின் விரல்கள் மேல் அவருக்குப் பாசம் பொங்கியது. ஒருநாள் காரின் பின்பக்கத்தைத் திறந்து எல்லோருக்கும் கையுறை கொடுத்தார். கறுப்புக் கையுறை. வாய்ப்பக்கம் நீண்டு அகன்று முழங்கையைத் தொடும். அந்த அகலமெல்லாம் எதற்கு? மஞ்சள் எழுத்தில் 'உங்கள் முரியுகி' என்று போடத்தான்.

"தண்ணி ஒரு சொட்டு உள்ள போகாது. பாருங்க!" என்று வாளித் தண்ணீரில் கையை முக்கி எடுத்துக் கழற்றிக் காட்டினார். கை காய்ந்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நியாகுதியும் தட்டினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வரும்.

கூடவே ஒரு கட்டளை போட்டார். கையுறையின் வாய் மழைக்கோட்டுக் கைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். உள்ளே செருகினால் பெயர் தெரியாதே! பெயர் தெரியாதபடி போட்டவர்களுக்கு அன்றைக்கு முறை கிடையாது.

மறுநாளே மழை. தோளில் விழுகிற தண்ணீர் எங்கே போகும்? கோட்டுக் கை வழியாக இறங்கி, ஆவென்று வாயைத் திறந்து வைத்திருக்கும் கையுறைக்குள் போகும். வாளிக்குள் கையை விட்டவருக்கு அது எப்படித் தெரியும்? கையுறை நீர் புகாததுதான், அதில் பொய் இல்லை. அதனால்தான் உள்ளே போன தண்ணீரை அது வெளியேயும் விடவில்லை. பால்நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நியாகுதியின் விரல்கள் வெளுத்து மரத்துப்போயின. கையுறையைக் கழற்றிக் கவிழ்த்தாள். ஒரு குவளைத் தண்ணீர் கொட்டியது.

அந்த வாரமே வாவேரு விழுந்தான். ஸ்டாண்டில் அவளுக்கு அடுத்து நிற்கிறவன், வீட்டில் கைக்குழந்தை. பால்நிலையத்திலிருந்து இறங்கும் வளைவில் பிரேக்கைப் பிடிக்கப் போனான், விரல் மடங்கவில்லை. காலால் மிதித்தான், பின்சக்கரம் சேற்றில் வழுக்கியது. தோள்பட்டை எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஓட்டுநர்களுக்கென்று ஸ்டாண்டில் சேமநிதி உண்டு. தன் தப்பு இல்லாமல் விழுந்தவனுக்கு அதிலிருந்து வைத்தியம் பார்ப்பார்கள். தப்பு யாருடையது என்று தீர்ப்புச் சொல்வது தலைவர்.

"வேகமா வந்திருக்கான். நிதியிலருந்து ஒண்ணும் கிடையாது" என்றார் தலைவர்.

வாவேருவை நியாகுதிக்குத் தெரியும். முட்டைத் தட்டு கட்டிக்கொண்டு போகிறவன் மாதிரிதான் எப்போதும் ஓட்டுவான்.

சந்தை நாளில் பழந்துணி மூட்டை பிரிக்கிற இடத்துக்குப் போனாள். எங்கேயோ வெள்ளைக்காரர்கள் பனியில் சறுக்கி விளையாடிவிட்டுக் கழித்துப்போட்ட கையுறைகள் குவிந்து கிடந்தன. தடித்ததைப் போட்டால் கை மூடவில்லை, எறிந்தாள். தோலில் செய்தது ஊறிப்போகும், எறிந்தாள். இன்னொன்றில் விரலை உருவினால் உள்துணியும் கூடவே வந்தது. நனைந்த கையோடு ஒரு தடவை கழற்றினால் மறுபடி விரல் நுழையாது. அதையும் எறிந்தாள். தேறியதை வாயில் வைத்து ஊதினாள்.

"அக்கா, அது என்ன பலூனா?" என்று கடைக்காரன் சிரித்தான்.

"காத்து வெளிய வந்தா மழை உள்ள வரும். உனக்கென்ன, கூடாரத்துக்குள்ள உக்காந்துருக்க" என்றபடி அதை மாட்டிக்கொண்டு, பிரேக் பிடிக்கிற மாதிரி கூடாரக் கம்பியை இரண்டு விரலால் பிடித்து அழுத்திப் பார்த்தாள். பிடி கிடைத்தது. மணிக்கட்டில் இறுக்கமான பின்னல், கோட்டுக் கைக்குள் அடங்கிவிடும்.

"ஜோடி இல்லையே அக்கா. ஒண்ணு நீலம், ஒண்ணு ஆரஞ்சு."

"அதனாலதான விலை குறைச்சுக் கேக்குறேன். குடு."

மறுநாள் மழையில் அவள் கைகள் காய்ந்தே இருந்தன. ஸ்டாண்டில் முரியுகி காத்திருந்தார்.

"என்னம்மா இது, கோமாளி வேஷம்? நான் குடுத்தது எங்க? இனிமே உனக்கு முறை கிடையாது."

"உங்க கையுறை வாவேருவைப் படுக்க வச்சிடுச்சு தலைவரே."

"அவன் வேகமா வந்தான்னு சொல்லியாச்சு."

"அப்ப நீங்க மெதுவா ஓட்டிக் காட்டுங்க. உங்க கையுறை, உங்க விதிப்படி வெளிய போட்டுக்கங்க. பால்நிலையம் போய்த் திரும்பி வரலாம். நான் பின்னால உக்காருறேன்." கூட்டம் கூடிவிட்டது. "என்ன தலைவரே, ஓட்டு கேட்டு வரும்போது மட்டும்தான் பைக்கு ஞாபகம் வருமா?"

யாரோ சிரித்தார்கள். ஓட்டுக் கேட்கப் போகிறவர் அதற்குப் பிறகு எப்படி மறுப்பார்? கோட்டை மாட்டி, பெயர் தெரிய கையுறை போட்டு, அவள் பைக்கில் ஏறினார்.

தூறல் விடவில்லை. போகும்போது கட்சி, வாக்குறுதி என்று பேசிக்கொண்டே போனார். திரும்பும்போது பேச்சு நின்றுபோயிற்று. நடந்து போகிறவர்களே முந்திவிடுவார்கள் போல அவ்வளவு மெதுவாக ஓட்டினார். வாவேரு விழுந்த வளைவு வந்தது. முரியுகி பிரேக்கைப் பிடிக்கப் பார்த்தார். நியாகுதி அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை மடங்கவில்லை. காலால் மிதித்தார். பின்சக்கரம் வழுக்க, இருவரும் ரோட்டோரத்து முட்டைக்கோஸ் தோட்டத்துக்குள் போய்ச் சாய்ந்தார்கள். யாருக்கும் அடியில்லை. சேறுதான்.

அவள் எழுந்திருக்கக்கூட இல்லை. கிடந்தபடியே கேட்டாள்.

"வேகமா வந்தியா?"

முரியுகி கையுறையால் முகத்துச் சேற்றைத் துடைத்தார்.

"உன்னைத்தான் கேக்குறேன். வேகமா வந்தியா?"

"இல்ல."

"அதை ஸ்டாண்டுல வந்து சொல்லு."

திரும்ப அவள் ஓட்டினாள், அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஸ்டாண்டில் இறங்கியதும் முரியுகி கையுறையை உதறினார். அவர் ஷூவின் மேலேயே தண்ணீர் கொட்டியது. ஹெல்மெட் வாரை அவிழ்க்கப் பார்த்தார். விரல்கள் குச்சி மாதிரி நின்றன, கொக்கி அசையவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சின்னப் பிள்ளை மாதிரி நியாகுதியிடம் தாடையை நீட்டினார்.

அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"முதல்ல சொல்லு."

"வாவேரு வேகமா வரல" என்றார் முனகலாக.

"கேக்கல."

"வாவேரு வேகமா வரல! கையுறைதான். வைத்தியத்துக்கு நிதியிலருந்தே குடுத்துடலாம். போதுமா? அவுத்து விடு, குளிருது!"

நியாகுதி நீலக் கையுறையைக் கழற்றினாள். உலர்ந்த விரல்களால் கொக்கியை அவிழ்த்துவிட்டாள்.