மழையில் வீடு காட்டிய ஸ்டெல்லா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை மருமகன் போன் செய்தார். "மாமா, ஸ்டெல்லா அக்கா போய்ட்டாங்க. மாரடைப்பாம்." எனக்கு நம்பவே முடியவில்லை. முந்தின வாரம்தான் மஞ்சக்குப்பத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி, "சார், வூடு விக்கிறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் பறந்தார். என்னைவிட இளையவர். ஆனாலும் கடலூர் முதல் சிதம்பரம் வரை வீடு விற்பவர், வாங்குபவர் அனைவருக்கும் அவர் அக்காதான், எனக்கும்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அவர் வீட்டுத் தரகர். அப்படியொரு தரகரை நான் பார்த்ததில்லை!

சிதம்பரத்தில் எங்கள் வீடு, மழைநீருக்குப் பயந்து தரையை உயர்த்திக் கட்டியது. வாசலில் செங்குத்தாகப் படிகள். என் மனைவி ராஜிக்கு மூட்டு தேய்ந்த பிறகு அவள் தெருவில் இறங்குவதே நின்றுபோனது. கடலூரில் மகள் வீட்டருகே, மேடான தெருவில், படியே இல்லாத வீடு ஒன்று விலைக்கு வந்தது. பொங்கல் வரை காத்திருப்பதாக உரிமையாளர் சொன்னார். எங்கள் வீடு விற்றால்தான் அதை வாங்க முடியும். அதுவோ வாங்க ஆளில்லாத காலம்.

விலை கேட்ட அக்காவிடம் நான் எழுபத்தைந்து லட்சம் சொன்னேன். எதிர்வீடு நல்ல காலத்தில் அந்த விலைக்குப் போயிருந்தது. அக்கா வாதாடவில்லை. "வாங்க சார், நாலு வூடு பாத்துட்டு வருவோம். இன்னிக்கு நீங்கதான் வாங்குறவரு" என்று கூட்டிப் போனார். விற்பவரை முதலில் வாங்குபவராக்குவது அவர் வழக்கம். நானும் வேஷத்தில் ஒன்றிவிட்டேன்! ஒரு வீட்டில் சமையலறை இருட்டு என்றேன். இன்னொன்றில் சுவரைத் தட்டிப் பார்த்துப் பத்து லட்சம் குறைக்கச் சொன்னேன். அந்த வீட்டுக்காரர், முந்தின வாரம் இதே வேஷத்தில் எங்கள் வீட்டைப் பார்க்க வந்து முகம் சுளித்தவர்தான்!

திரும்பும் வழியில் அக்கா கேட்டார்: "இப்ப உங்க வூட்டுக்கு நீங்க என்னா குடுப்பீங்க சார்?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அறுபத்திரண்டு" என்றேன்.

அந்த விலைக்கும் வந்தவர்கள் வெயிலில் படியேறி, மூச்சு வாங்கி, "படி ஜாஸ்திங்க" என்று திரும்பினார்கள். ராஜி அழுதாள். கார்த்திகையில் அடைமழை பிடித்துத் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற நாளில் அக்காவின் போன் வந்தது. "சார், வூட்டுலயே இருங்க. ஆளு கூட்டியாறேன்."

"இந்த மழையிலயா? தெரு பூரா தண்ணி, அக்கா!"

"அதுக்குத்தான் வர்றோம்!"

வந்தவர்கள் பெண்ணாடத்துக் கரும்பு விவசாயியும் மனைவியும். மகளைச் சிதம்பரத்தில் படிக்க வைத்திருந்தார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா முன்னால் வந்தார். எதிர்வீட்டில் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாசலிலோ தண்ணீர் இரண்டாம் படியோடு நின்றுவிட்டது. அக்கா அதை விரலால் காட்டினார், அவ்வளவுதான். அந்த அம்மா மேலேறி வந்து காய்ந்த தரையில் நின்றார். முகமே மாறிவிட்டது.

விவசாயி என்னைப் பார்த்து, "ஒரு அஞ்சு கொறைச்சுக்குங்க" என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

"அண்ணே, சாரு கொறைக்க வேண்டியத முன்னாடியே கொறைச்சுட்டாரு. இனிமே தண்ணி எறங்கும், வெல எறங்காது!"

அந்த அம்மா சிரித்துவிட்டார். கணவரிடம், "பேசாம முடிங்க. நம்ம புள்ள நனையாம இருக்கட்டும்" என்றார். முடிந்தது! உள்ளேயிருந்து ராஜி கைதட்டினாள். பொங்கலுக்கு முன்பே கடலூருக்குக் குடிவந்தோம்.

புதன்கிழமை அக்காவின் இறுதி ஊர்வலம் எங்கள் தெரு வழியாகக் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள், ராஜி யார் கையையும் பிடிக்காமல் தெருவில் நின்றிருந்தாள். வண்டியருகே போய் மல்லிகைச் சரத்தை வைத்தாள். "போய்ட்டு வாங்கக்கா" என்றாள். பிறகு கூட்டத்தோடு நடக்கத் தொடங்கினாள். நான்தான் அவளை எட்டிப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது.