மூன்றாவது ஆணியில் அவர்

மும்பை மாட்டுங்கா வீட்டுக் கூடத்தில், காலமான மாமனார், மாமியார் படங்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி காலியாக இருந்தது. வாடகை வீடு, புதிதாக ஆணி அடிக்க அனுமதி இல்லை. அதனால் மகள் வரைந்த என் கணவரின் படத்தை அங்கேதான் மாட்ட வேண்டியிருந்தது.

எனக்குப் பிடிக்கவில்லை. சாம்பல், களிமண், காய்ந்த பாசி, அவ்வளவுதான் நிறம். கன்னத்தில் தூரிகைத் தடங்கள் அப்படியே தெரிந்தன.

"இன்னும் முடிக்கலையாடி?"

"முடிச்சாச்சும்மா. ரெண்டடி தள்ளி நின்னு பாரு."

கணவர் சிரித்தார். "மாலை மட்டும் போட்டுடாதீங்கோ."

மறுநாள் இதய அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். சனிக்கிழமை காலையில் ஆபரேஷன். வெள்ளி மாலை மகளை அவரிடம் விட்டுவிட்டு, குளித்து உடை மாற்ற வீட்டுக்கு வந்தேன். சாவி வைத்திருந்த அடுத்த வீட்டு மாமி விளக்கேற்றியிருந்தார். வெள்ளிக்கிழமை வழக்கப்படி படங்களுக்கு மல்லிகை சூட்டியிருந்தார். மூன்றுக்கும்.

உயிரோடு இருப்பவர் படத்துக்கு நாங்கள் பூ வைப்பதில்லை. ஓடிப்போய் மாமியின் கதவைத் தட்டினேன்.

"ஐயையோ, அவரா அது! கண்ணாடி போட்டுக்கலைடி. மங்கிக் கிடந்துதா, உன் மாமனாரோட அண்ணான்னு நெனச்சுட்டேன்."

திரும்பி வந்து பூவை எடுத்தேன். படத்தைக் கழற்றி ஜன்னலோரம் கொண்டுபோனேன். அவ்வளவு அருகில் முகமே இல்லை, வண்ணம்தான் இருந்தது. சாம்பல் என்று நான் நினைத்த கன்னத்தின் அடியில் மெல்லிய ரோஜா நிறம் ஓடியது. கண்ணுக்குக் கீழே ஒரே இழுப்பு. வேகமாக இழுத்து, பிறகு தொடாமல் விட்டது. ஸ்டேஷன் படியேறி மூச்சு வாங்க நிற்கும்போது அவருக்கு விழும் சுருக்கம் அது. பளிச்சென்ற நிறம் அதை மறைத்திருக்கும். அப்பாவை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறாள். அவளுக்கும் பயம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

படத்தை அவருடைய நாற்காலியில் சாய்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன். படத்துக்குள் அவர் வந்துவிட்டார். என்னையே பார்த்தார்.

அப்போது போன் அடித்தது. அவர்தான்.

"சார்ஜரை மறந்துடாதே. என் படம் என்ன பண்றது?"

"உங்க நாற்காலில உக்காந்துண்டிருக்கு."

"நல்லதாப் போச்சு. லோக்கல் டிரெயின்ல கர்சீப் போட்ட மாதிரி எடம் பிடிச்சு வெச்சிருக்கட்டும். வந்து உக்காந்துக்கறேன்."

பூவைப் பற்றி நான் சொல்லவில்லை. சார்ஜர் பையில் இருக்கிறதா என்று மறுபடியும் மறுபடியும் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.