கொண்டை தெரியாத ஆழம்

நேற்று எங்கள் சந்தில் சாக்கடைக் குழாய் பதிக்க வந்தவர்கள் ஒரு மண்வெட்டி கேட்டார்கள். இல்லை என்று பொய் சொன்னேன். கதவுக்குப் பின்னால், பிடி தேய்ந்த கட்டை மண்வெட்டி ஒன்று சாய்ந்துதான் இருந்தது. என் நைனாவுடையது. அதை வைத்துத்தான் என் அம்மாவைக் காப்பாற்ற அவர் ஒரு பள்ளம் வெட்டினார்.

நைனா முதல் உலகச் சண்டையில் பட்டாளத்துக்குப் போனவர். முதலில் பிரான்ஸ், பிறகு இராக் பக்கம் பஸ்ரா. பிரான்ஸில் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் வெட்டி, சேற்றில் மாதக்கணக்கில் நின்றார்களாம். அந்த மண் சுவர் மாதிரி நிற்குமாம். பஸ்ராவில் எல்லாம் தலைகீழ். மணல், வெட்ட வெட்டச் சரியும். அங்கே முழங்கால் ஆழத்தோடு விட்டுவிட்டு, மணல் மூட்டைகளை அடுக்கி அதன் பின்னால் படுத்துக்கொள்வார்களாம். பஸ்ராவைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார். பிரான்ஸ் என்றால் பேச்சு பாதியில் நின்றுவிடும். பள்ளத்துக்கு வெளியே எட்டிப் பார்த்த தோஸ்து குண்டடிபட்டு அவர் மேலேயே சாய்ந்து செத்ததை ஒரே ஒரு முறை சொன்னார்.

இரண்டாவது சண்டையில், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியானது. போக ஊர் இருந்தவர்கள் போனார்கள். எங்களுக்கு ராயபுரத்தை விட்டால் வேறு நாதியில்லை. நைனாவுக்கு ஹார்பரில் மூட்டை தூக்கும் வேலை. கப்பல் நிற்கிற பக்கம்தான் முதல் குண்டு விழும் என்று வேலை முடிந்து வந்ததும் கொல்லையில் வெட்ட ஆரம்பித்தார். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னாய்யா, கெணறா வெட்டிகினு கீறே?" என்று கிண்டல் செய்தாள். அவர் சிரிக்கவில்லை. "தல வெளிய தெரியக் கூடாது" என்றார். அம்மாவை உள்ளே இறக்கிப் பார்த்தார். கொண்டை தெரிந்தது. அதற்காக இன்னும் ஒரு முழம் தோண்டினார்.

எங்கள் கொல்லை கடற்கரை மணல், பஸ்ரா மண். அது அவருக்குத் தெரியாதா? ஹார்பரில் கழித்துப்போட்ட பெட்டிப் பலகைகளை வைத்து முட்டுக் கொடுத்தார், போதும் என்று நினைத்தார். பிரான்ஸில் பிடித்த பயம் அவரை விடவே இல்லை. அந்த ஆழத்துக்குத்தான் அவர் கை வெட்டியது.

ஒரு பகல், ஒத்திகைக்காக அபாயச் சங்கு ஊதினார்கள். ஒத்திகையோ நிஜமோ, ஊதினால் இறங்க வேண்டும் என்பது நைனாவின் கண்டிப்பு. நான் குழாயடியில் நின்றிருந்தேன். அம்மா மட்டும் இறங்கினாள். முந்தின இரண்டு நாளும் நல்ல மழை. நான் குடத்தோடு வந்தபோது கொல்லையில் பள்ளமே இல்லை, ஒரு பலகை முனைதான் மணலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. சந்து சனமே ஓடி வந்து கையால் அள்ளியது. அம்மா மேல் பட்டுவிடுமே என்று மண்வெட்டியை யாரும் தொடவில்லை. நைனா ஓடி வந்தபோது அவளைப் பாயில் கிடத்தியிருந்தோம். கொண்டையெல்லாம் மணல்.

கல்லறையில் ஆளுக்கு ஒரு பிடி மண் போட வேண்டும், புருஷன்தான் முதலில். நைனா குனியவில்லை. சர்ச் சாமியார் இரண்டு முறை கூப்பிட்டார்.

"நான் முன்னாடியே போட்டுட்டேன் சாமி" என்றார்.

எங்கள் சந்தில் கடைசி வரை ஒரு குண்டும் விழவில்லை. நைனா அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தார். அந்த மண்வெட்டியைத் தொடவும் இல்லை, தூக்கிப் போட விடவும் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அழுகை குறைந்திருக்குமோ என்னவோ.

நேற்று சாயங்காலம் மனசு கேட்காமல் போய் எட்டிப் பார்த்தேன். குழாய்க்கு வெட்டிய பள்ளத்துக்குள் ஒரு பெண் மணல் அள்ளிக்கொண்டிருந்தாள். மேலிருந்து அவள் கொண்டை மட்டும் தெரிந்தது. ஓரத்தில் ஒரு பலகைகூட இல்லை. ஏறி வந்துவிடும்மா என்று கெஞ்சினேன். "ஒண்ணியும் ஆவாது, நீ போ" என்று சிரித்தாள். அவள் ஏறி வரும் வரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.