நெகட்டிவில் அழித்த பொட்டு

பொட்டை அழிப்பதில் நான் கெட்டிக்காரன். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததால் இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் எங்கள் தொழிலுக்குள் வராத காலம். படத்தில் எதையாவது மறைக்க வேண்டுமென்றால் நெகட்டிவை விளக்குப் பெட்டியின் மேல் வைத்து, ஊசிமுனையாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட வேண்டும். நெகட்டிவில் எல்லாமே தலைகீழ். முகத்தில் கறுப்பாக இருப்பது அங்கே வெளிச்சமாகத் தெரியும். அதன் மேல் பென்சில் பட்டால் படத்தில் அது காணாமல் போய்விடும். கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்களின் படங்களில் நான் போக்கிய பருவும் அம்மைத் தழும்பும் கொஞ்சமில்லை. பிறகு மாப்பிள்ளை வீட்டில் என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை. அது என் வேலையில்லை என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் கேசட் கம்பெனிக்காரர் ஒருவர் படியேறி வந்தார். ஒட்டன்சத்திரம் பக்கம், காய்கறி மண்டி நடத்திய குடும்பம். தக்காளியைத் தரம் பிரிப்பது போலவே பாட்டையும் பிரித்துப் பேசுவார். கல்யாண வீட்டுச் சரக்கு, கோயில் சரக்கு, சாவு வீட்டுச் சரக்கு என்று. அவருக்குப் பின்னால் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்தப் பெண்ணை எனக்கு முன்பே தெரியும். நான் படம் எடுக்கப் போன பல கல்யாண வரவேற்புகளில் மெல்லிசைக் குழுவோடு பாடிக்கொண்டிருந்தவர். சித்தையன்கோட்டைக்காரர். கணவர் மல்லிகையும் கனகாம்பரமும் போட்டு, விடியக்காலையில் மொபெட்டில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை கொண்டு வருபவர். பூக்காரர் மனைவி என்பது அந்தப் பெண்ணின் தலையைப் பார்த்தாலே தெரியும்.

அவருடைய ஆசை அம்மன் பாட்டு கேசட். அட்டையில் தன் படத்தோடு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு. கம்பெனிக்காரர் அதற்குச் சம்மதித்துவிட்டு ஒரு கொக்கி போட்டிருந்தார். முதலில் ஒப்பாரி கேசட், அது ஓடினால் அடுத்தது அம்மன் பாட்டு. ஒப்பாரி அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊரில் நாலு துட்டி வீட்டுக்குப் போய் அழுத எந்தப் பெண்ணுக்கும் வரும். மதுரையில் ஒரே பகலில் பாடி முடித்திருந்தார். பதிவு செய்தவர் பாதியில் எழுந்து வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாராம். இனி அட்டைக்குப் படம் மட்டும்தான் பாக்கி.

வெள்ளைச் சேலை கம்பெனிக்காரர் பையில் தயாராக இருந்தது. முக்காடு போட்டு, நெற்றியில் ஒன்றுமில்லாமல் உட்கார வேண்டும் என்றார். அந்தப் பெண் சேலையை வாங்கிக்கொண்டார். பொட்டைத் தொடவில்லை.

“அவுக நிக்கிறாகள்லண்ணே, நான் எப்புடி அழிப்பேன்?” என்றார் என்னிடம். கணவர் வாசலை ஒட்டி, படம் எடுக்க வந்தவர் போல் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி நின்றிருந்தார்.

“ஏனுங்க, பாட்டக் கேட்டுப்போட்டு யாரும் கேசட் வாங்கறதில்லீங்க. அட்டையப் பாத்துத்தான் வாங்கறாங்க. பொட்டு வெச்ச பொம்பள ஒப்பாரி வெச்சா சனம் நம்பாதுங்க” என்றார் கம்பெனிக்காரர்.

அந்தப் பெண் சேலையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். கணவரும் செருப்பை மாட்டினார். அத்தோடு முடிந்திருக்கும். என் வாய்தான் சும்மா இருக்கவில்லை. கை வித்தையைக் காட்ட ஆள் கிடைத்தால் விடுகிற ஜாதி இல்லை நான்.

“நீ அழிக்க வேண்டாம் தங்கச்சி. நான் நெகட்டிவுல அழிச்சுக்கிறேன்.”

அவர் மறுபடி சேலையைக் கையில் எடுத்தார். “அது அழிச்ச மாதிரி ஆகாதுல்லண்ணே?” என்று கேட்டார். ஆகாது என்றேன். அவ்வளவு சுலபமாக வாழ்க்கையில் நான் வேறெந்தப் பதிலும் சொன்னதில்லை. பூவையும் எடுக்க வேண்டாம், முக்காட்டுக்குள் தெரியாது என்று வேறு தாராளம் காட்டினேன். ஆக, தலை நிறைய மல்லிகையோடும் நெற்றியில் குங்குமத்தோடும் வெள்ளை முக்காட்டுக்குள் அவர் உட்கார, கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். மறுநாள் விளக்குப் பெட்டியின் முன் உட்கார்ந்து பென்சிலைச் சீவினேன். அரை மணி நேர வேலை. பிரிண்ட் போட்டபோது பொட்டு இருந்த சுவடே இல்லை. சுத்தமான வேலை என்று நானே மெச்சிக்கொண்டேன். அப்போதுதான் படத்திலிருந்த முகத்தைப் பார்த்தேன். நேற்று வந்துபோன பெண் இல்லை அது. எல்லாம் போன ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிண்ட்டைக் கவருக்குள் போட்டு ஒட்டிவிட்டேன்.

கம்பெனிக்காரர் அவருக்குப் புதுப் பெயர் ஒன்றும் வைத்தார். வயதான விதவைக்குப் பொருந்துகிற பெயர். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவர் பெயரே இல்லை.

ஒப்பாரி கேசட்டை எங்கள் பக்கம் யாரும் வீட்டில் வாங்கி வைக்க மாட்டார்கள். வைத்தால் வீட்டுக்கு ஆகாது. வீட்டுக்கு வீடு வாங்காத சரக்கு எப்படி ஓடும் என்று நான் கேலியாக நினைத்திருந்தேன். மண்டிக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் வீடுகளுக்கு விற்கவில்லை. மைக் செட்காரர்களுக்கு விற்றார். கேசட்டோடு அட்டைப் படத்தைப் பெரிதாக, பளபளவென்று அச்சடித்து, ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் ஒட்டிக்கொள்ள ஒன்று இலவசமாகக் கொடுத்தார். ஆத்தூரிலும் கீரனூரிலும் அதற்கு அப்பாலும் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், பந்தல் போடுவதற்கு முன்பே அந்த முகம் வந்து இறங்கியது. குழாய் ஒலிபெருக்கியில் அந்தக் குரல் கேட்டதும் தெருவில் போகிறவர்கள் நின்று, யாரு வீட்டுல என்று விசாரித்தார்கள். ஒரு வருஷத்துக்குள் அவரைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் இல்லை. அவரைப் பார்க்க விரும்பியவர்களும் இல்லை.

இதை நானே ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். சாயங்கால வரவேற்பு. மேடையில் பட்டுச்சேலையும் பெரிய பொட்டுமாக நின்று அவர் ஒரு குஷியான சினிமாப் பாட்டை எடுத்தார். முகத்தை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. குரல் தெரிந்துவிட்டது. முன்வரிசையில் மூன்று பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மாவின் கணவர் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது என்று பிறகு தெரிந்தது. மணப்பெண்ணின் தகப்பனார் குழுத் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். இரண்டாவது சரணத்துக்குப் பதில் புல்லாங்குழல் வந்தது. பாடியவர் மேடையை விட்டு இறங்கி, என் காமிராவைத் தாண்டிப் போனார். நான் வெளிச்சத்தைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டேன். அதன் பிறகு அந்தக் குழு அவரைக் கூப்பிடவில்லை.

அவர் அசரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கணவரோடு ஸ்டுடியோவுக்கு வந்து, அம்மன் கேசட்டுக்குப் படம் எடுக்கச் சொன்னார். சிவப்புச் சேலை, ஒரு ரூபாய் அகலப் பொட்டு. நான் எடுத்ததிலேயே நல்ல படங்களில் ஒன்று அது. அதை எடுத்துக்கொண்டு நானும் அவர்களோடு கம்பெனிக்குப் போனேன். செய்த பாவத்துக்கு அது ஏதோ பரிகாரம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

கம்பெனிக்காரர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நல்லா இருக்குதுங்க. ஆனா இந்த மொகத்த யாருக்கும் தெரியாதுங்களே” என்றார்.

ஒப்பாரி இரண்டாவது பாகத்தை முடித்தால் மறுபடி பேசலாம் என்றார். அந்தப் பெண் அதையும் பாடினார். மூன்றாவது கேட்டபோது மாட்டேன் என்றுவிட்டார். மூன்றாவது பாகம் அவர் இல்லாமலேயே வந்தது. அதே பெயர், நான் அழித்த அதே முகம், உள்ளே வேறொரு பெண்ணின் குரல். கேட்கப் போன கணவரிடம் கம்பெனிக்காரர், அவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினாராம். பேரும் மொகமும் கம்பெனியோடதுங்க, குரல வேணா நீங்க வீட்டுக்குக் கொண்டு போங்க என்றாராம். கோபமில்லாமல், டீ வரவழைத்துக் கொடுத்துச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அந்த நாட்களில் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. யாரிடமும் சொன்னதில்லை. கணவன் உயிரோடிருக்கும்போது ஒருத்தியின் பொட்டை அழித்தவன் நான். அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. சாமி, பேய் என்று நம்புகிறவன் இல்லை நான். ஆனாலும் ஒரு வேலையும் இல்லாமல் காலையில் பூ மார்க்கெட் பக்கம் நடப்பேன். ஈரச் சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் அந்த மொபெட்டைப் பார்த்த பிறகுதான் டீ இறங்கும். ஒரு வாரம் அவர் வரவில்லை. விசாரித்ததில் வெறும் சளிக் காய்ச்சல். அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மூன்றாவது பாகம் வந்த கொஞ்ச நாளில் அந்தப் பெண் தனியாக ஸ்டுடியோவுக்கு வந்தார். “என் மூஞ்சிய வச்சுக்கிட்டு எவளோ அழுகுறாண்ணே” என்றார். பிறகு, அந்தப் பழைய நெகட்டிவ் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. தேடி எடுத்தேன். பஞ்சில் மருந்தைத் தொட்டு நெற்றியில் மெதுவாகத் துடைத்தேன். பென்சில் பூச்சு கரைந்து வந்தது. இருட்டறைக்குள் அவரையும் கூட்டிப்போய், நெகட்டிவைத் தாளில் பதித்து மருந்துத் தட்டில் போட்டேன். தண்ணீருக்குள் முதலில் கண் தெரிந்தது, பிறகு உதடு, பிறகு நெற்றியில் வட்டமாகப் பொட்டு.

“இது இங்கனயேதான் இருந்துச்சா?” என்றார்.

“இங்கனயேதான் இருந்துச்சு தங்கச்சி.”

ஈரம் காய்வதற்குள் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. மார்க்கெட்டுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து அந்தப் பெண் போய்விட்டார். நான் பயந்தது கணவருக்காக, போனது அவர். மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் காலையில் உயிர் இல்லை. செய்தி கேட்டு பஸ் பிடித்தேன். செம்பட்டி தாண்டியதும் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் தென்பட ஆரம்பித்தன. மைக் செட்காரர்கள் சேர்ந்து, பிரியத்தோடு, பெரிதாக அடித்து ஒட்டியிருந்தார்கள். அவர்களிடம் இருந்தது ஒரே முகம்தான். வெள்ளை முக்காடு, பாழ் நெற்றி. கீழே கம்பெனி வைத்த பெயர். பஸ் ஜன்னலில் அது ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டில் அவரை மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, கழுத்து தெரியாமல் பூப் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். மஞ்ச குங்குமத்தோட போறா, கொடுத்து வச்சவ என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். வாசலில் குழாய் அழுதுகொண்டிருந்தது. பந்தலுக்குள் எல்லோரும் அது அவருடைய குரல் என்று நினைத்து இன்னும் கூடுதலாக அழுதார்கள். அது மூன்றாவது பாகம். எனக்கும் அவருடைய கணவருக்கும்தான் தெரியும்.

கணவர் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். எதிர்ச்சுவரில் போஸ்டர் இருந்தது.

“நான் இருக்கேண்ணே. நான் இருக்கையில அவள இப்புடி அனுப்புறாகளே. வச்சு விடுங்க” என்று என் கையில் குங்குமச் சிமிழைக் கொடுத்தார்.

தண்ணீரில் குழைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். கட்டைவிரலால் ஒவ்வொரு நெற்றியிலும் வைத்தேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஊருக்குள் இருந்ததை முடித்தேன். செம்பட்டி வரை சுவர்களில் இருந்தவற்றுக்கு நான் என்ன செய்ய முடியும்?

திரும்பி வந்தபோது தூக்குவதற்கு ஆயத்தமாகியிருந்தார்கள். குழாய் இன்னும் அழுதது. அணைக்கச் சொன்னேன். மைக் செட்காரருக்குப் புரியவில்லை, இது அந்தம்மா பாட்டுதானே என்றார். ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் அந்தப் பளபளப்பு அட்டை ஒட்டியிருந்தது. குனிந்து அதன் நெற்றியில் விரலை வைத்தேன். குங்குமம் நிற்கவில்லை, வழுக்கி மூக்கில் இறங்கியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் இறங்கியது. பின்னால் அவரைத் தூக்கிவிட்டார்கள், நான் இன்னும் வைத்துக்கொண்டிருந்தேன்.