எழுத்துக்குத் தீ வைத்தவள்

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு பேக்கரிக்கும் மெடிக்கல் ஷாப்புக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நிற்கிறது பிரவீனா கிராபிக்ஸ். காது குத்துகிறவர்கள், கல்யாணம் பண்ணுகிறவர்கள், கட்சியில் பதவி வாங்கியவர்கள், வாங்காமலே வாங்கியதாக நினைத்துக்கொள்கிறவர்கள் என்று அந்த வட்டாரத்தில் யார் பேனர் வைப்பதாக இருந்தாலும் முதலில் அங்கேதான் வந்து நிற்பார்கள். பெயருக்குத் தங்கம் பூசி, நரையை அழித்து, தொப்பையை இழுத்துக் கட்டி, ஆளை மாப்பிள்ளை கணக்காக ஆக்கி அனுப்பிவிடுவாள் பிரவீனா. அழகு பார்க்கிற மனசு ஆம்பளைகளுக்குத்தான் அதிகம் என்பது அவள் இந்தத் தொழிலில் கண்டுகொண்ட உண்மை. அதை வெளியே சொன்னால் வியாபாரம் கெடும் என்பதால் சொல்வதில்லை.

அவள் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது கல்லூரி முடித்த கையோடு. லட்சுமிநாராயணன் என்பவர் அதே தெருவில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். குண்டு மானிட்டர் இரண்டு. ஒன்றில் பிரவீனா, இன்னொன்றில் ஜாஹிதா. முதலாளிக்கு மவுஸைப் பிடிக்கவே தெரியாது. வெள்ளைச் சட்டை கசங்காமல் வாசலில் உட்கார்ந்து ஆர்டர் பிடிப்பதோடு சரி. ஆகவே இரண்டு பெண்களும் கேட்பாரில்லாமல் போட்டோஷாப்பைக் குடைந்து குடைந்து தாங்களே கற்றுக்கொண்டார்கள். ஜாஹிதாவுக்குக் கைவந்தது தங்க எழுத்து. பிரவீனாவுக்குத் தீ எழுத்து.

தீ எழுத்து சாமானியமான காரியமில்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளையாகப் பெயரை எழுத வேண்டும். பிறகு படத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். ஏனென்றால் போட்டோஷாப்பில் ‘விண்ட்’ என்கிற காற்று இடமிருந்தும் வலமிருந்தும்தான் வீசும், கீழிருந்து மேலே வீசச் சொன்னால் கேட்காது. படுத்திருக்கிற எழுத்தின் மேல் காற்றை ரெண்டு மூன்று தரம் அடித்துவிட்டு நிமிர்த்தினால் ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் முடி சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அதைக் கொஞ்சம் மங்கலாக்கி, கொஞ்சம் நெளியவிட்டு, சிவப்பையும் மஞ்சளையும் ஏற்றினால் பெயர் பற்றிக்கொண்டு எரியும். அந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தரமும் யோசித்து யோசித்துத்தான் வேலை செய்யும். அதற்குள் ரெண்டு பேரும் டீ குடித்து, ஒருத்தி மேல் ஒருத்தி பொறாமைப்பட்டு, சமாதானமும் ஆகிவிடுவார்கள். அந்த நாட்களை நினைத்தால் பிரவீனாவுக்கு இன்றைக்கும் வயிற்றுக்குள் இனிக்கும்.

ஆசை வெட்கமறியாதல்லவா. ஒரு கல்யாண பேனரில் மணமகள் பெயருக்கே தீ வைத்துவிட்டாள். லட்சுமிநாராயணன் பிரிண்டை வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.

“ஏம்மா, மாலை போடற புள்ளைக்கு நெருப்பு வெச்சுபோட்டியே. பாக்கறவங்க என்னன்னு நெனைப்பாங்க?” என்றார்.

ஜாஹிதா கீபோர்டு மேல் கவிழ்ந்து விழுந்து சிரித்தாள். பிரவீனாவுக்கு அழுகையாக வந்தது. அன்றைக்கு அவள் பக்கம் பேசிய ஒரே ஆள், பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா காளிச்சாமிதான்.

“நல்லாத்தானுங்க இருக்குது. தூரத்துல இருந்தே தெரியுமல்லங்க” என்றார்.

காளிச்சாமி பிரைவேட் பஸ் கண்டக்டர். சிங்காநல்லூருக்கும் காங்கேயத்துக்கும் நடுவே பாதி ஆயுளை நின்றுகொண்டே கழித்தவர். சாயங்கால ட்ரிப் முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்து, அவள் எழுந்திருக்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு எல்லா எழுத்தும் பிடிக்கும். பனி எழுத்து, கண்ணாடி எழுத்து, நட்சத்திரம் தெறிக்கிற எழுத்து, எதைக் காட்டினாலும் நல்லாருக்குது கண்ணு என்பார். அபிப்பிராயம் கேட்க அவரை விட உதவாத ஆள் கிடையாது.

பேனரின் அடி மூலையில் டிசைன் செய்தவர் பெயரைப் பொடி எழுத்தில் போடுவது வழக்கம். பிரவீனா பெயர் வர ஆரம்பித்த பிறகு காளிச்சாமிக்குப் பஸ்ஸில் வேலை கூடிவிட்டது. படிக்கட்டில் நின்றபடியே பல்லடம் ரோட்டில் பேனர் பேனராக மூலையைப் படித்துக்கொண்டு வருவார். அகப்பட்டுவிட்டால் டிக்கெட் வாங்குகிறவரிடம், “அது நம்ம புள்ள போட்டதுங்க” என்று சொல்லாமல் சீட்டைக் கிழித்துக் கொடுக்கமாட்டார். செத்தவருக்கு வைத்த பேனராக இருந்தாலும் அதே பெருமைதான்.

மனுசன் மரியாதைக்குப் பேர்போனவர். கூட்டம் பிதுங்குகிற பஸ்ஸிலும் ஏனுங்க, உள்ள போங்க, சித்த தள்ளி நில்லுங்க என்பதைத் தாண்டி அவர் வாயில் வந்ததில்லை. சீட்டு வாங்காமல் ஏமாற்றியவனையும் ங்க போட்டுத்தான் இறக்கிவிடுவார். வீட்டில் மனைவி சாந்தாமணியை ‘ஏ’ என்றோ ‘அடி’ என்றோ கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. மகள் ஒருத்திதான் அவருக்கு ங்க இல்லாதவள். அவளுக்கு மட்டும் கண்ணு, ரொம்பக் குஷியானால் அம்மணி.

லட்சுமிநாராயணன் கடையை மூடிக்கொண்டு மகனோடு உடுமலைப்பேட்டைக்குப் போனபோது, பிரவீனாவும் ஜாஹிதாவும் சேர்ந்து இந்தக் கடையைப் போட்டார்கள். யார் பெயரை வைப்பது என்று ஜாஹிதா சண்டைக்கு நிற்கவில்லை. “உன் பேருக்குத்தான் தீ புடிக்கும்” என்று விட்டுக்கொடுத்துவிட்டாள். மானிட்டர் தட்டையானது, ஃப்ளெக்ஸ் மிஷின் வந்தது, பிரவீனாவுக்குக் கல்யாணமாகி மகன் கல்லூரிக்கும் போய்விட்டான். காளிச்சாமி வேலையை விட்டார், கடைக்கு வருவதை விடவில்லை.

போன வருசம் தை பிறந்து முகூர்த்தம் மும்முரமாக இருந்த சமயம். எழுத்தைச் சுற்றி வேறு கலரில் கரை கட்டுவதற்கு இந்தத் தொழிலில் ஸ்ட்ரோக் என்று பெயர். அது வாடிக்கையாளர்களுக்கும் தொற்றிவிட்டது. ஒரு கல்யாண வீட்டுப் பெண் காலையிலிருந்து விடாமல் கூப்பிட்டு, சித்தப்பா பேருக்கு ஸ்ட்ரோக் பத்தலை, மாமா பேருக்கு ஸ்ட்ரோக் ஜாஸ்தி என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் மிஷின் இரைந்துகொண்டிருக்க, மறுபடி போன் அடித்தது. பிரவீனா நம்பரைப் பார்க்காமலே தோளில் இடுக்கிக்கொண்டாள்.

“ஏனுங்க, உங்கப்பாவுக்கு ஸ்ட்ரோக்குங்க” என்றது ஒரு பெண் குரல்.

எங்கப்பாவுக்கு என்றுதான் அவள் காதில் விழுந்தது. “போட்டுடலாங்க” என்றாள்.

“இல்லீங்க, ஸ்ட்ரோக்குங்க. சீக்கிரம் வாங்க.”

“அதுக்கு நானெதுக்குங்க வரோணும்? இங்கிருந்தே போட்டுடறேன். மஞ்சளா வெள்ளையா, அதை மட்டும் சொல்லுங்க.”

எதிர்முனையில் சாந்தாமணியின் அழுகை கேட்டது. பேசியவள் ஆஸ்பத்திரி நர்ஸ்.

ஜாஹிதாதான் ஸ்கூட்டரில் வைத்து அழைத்துக்கொண்டு போனாள். போகிற வழியெல்லாம் பிரவீனா “மஞ்சளா வெள்ளையான்னு கேட்டுபோட்டேன் ஜாஹி” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

காளிச்சாமி பிழைத்துக்கொண்டார். வலது கை சரியாக வரவில்லை. கைத்தடியோடு நடக்க முடிந்தது. பேச்சுத்தான் போய்விட்டது. முழுதாகப் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். மிஞ்சியவை ரெண்டே சொல். ஏனுங்க, சரிங்க. தண்ணீர் வேண்டுமென்றால் ஏனுங்க. கொடுத்தால் சரிங்க. ரொம்ப நாள் பழகிய வார்த்தைகள் இப்படித் தங்கிவிடுவது உண்டு, மற்றவை வந்தாலும் வரலாம் என்றார் டாக்டர். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருத்தர் வந்து படம் காட்டிப் பேர் கேட்டார். வாழைப்பழத்துக்கும் சரிங்க, நாற்காலிக்கும் சரிங்க.

பிரவீனாவைக் கொன்றது அந்த ஏனுங்கதான். காலை முதல் மாலை வரை கடையில் எத்தனையோ பேர் அவளை ஏனுங்க என்கிறார்கள். அது தொழில். பெத்த அப்பன் முகத்துக்கு நேரே பார்த்து, யாரோ டிக்கெட் வாங்க வந்தவளைப் போல ஏனுங்க என்றால் எப்படித் தாங்குவது? அவர் கண்ணில் அடையாளம் இருந்தது, அவளைக் கண்டால் முகம் மலர்ந்தது, எல்லாம் வாஸ்தவம். ஆனாலும் வாய் திறந்தால் வேற்றாள். அவள் ராத்திரி கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “கண்ணு சொல்லுங்கப்பா. கண்ணு” என்று பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோலச் சொல்லிப் பார்ப்பாள்.

“சரிங்க” என்பார் காளிச்சாமி, ரொம்பப் பணிவாக.

வீட்டில் அடைத்து வைக்காதீர்கள், நாலு பேர் பேசுகிற இடத்தில் இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னதால் அவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தாள். கையுள்ள நாற்காலி ஒன்றை அவளுக்குப் பின்னால் போட்டாள் ஜாஹிதா. அதில் ஒரு தொல்லை வந்தது. உள்ளே நுழைகிறவர்கள் பெரியவரைத்தான் முதலாளி என்று நினைத்துக்கொண்டு, நாளைக்கே வேணுங்க என்பார்கள். அவர் சரிங்க என்பார். எங்க தலைவர் போட்டோவைக் கொஞ்சம் உசரமாக்கோணுங்க என்பார்கள். சரிங்க. அவர் ஒப்புக்கொண்ட வேலையையெல்லாம் முடிக்க ரெண்டு பெண்களும் மூச்சு வாங்கினார்கள். பழைய தீ எழுத்தையும் பிரவீனா ஒரு மத்தியானம் அவருக்காகப் போட்டுக் காட்டினாள். இப்போதைய கம்ப்யூட்டரில் அது கண் சிமிட்டுவதற்குள் எரிந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே சரிங்க என்றார். அவள் பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

இப்படியே ஒரு வருசம் ஓடி, இந்தத் தை மாசம் காங்கேயத்திலிருந்து மனோஜ்குமார் வந்தான். காளிச்சாமியின் தம்பி மகன். எண்ணெய் மில் வைத்திருக்கிறான். அவனுடைய மகள் ஹர்ஷிணிக்குக் காதுகுத்து.

“பேனர் உங்க கையால வரோணுங்க்கா. எங்கப்பாரு போட்டோ மேல இருக்கட்டும். கீழ வரிசையா பெரியவங்க எல்லாத்தையும் வெச்சுடுங்க. பெரீப்பாவைத்தான் மொதல்ல வெக்கோணும்” என்றான்.

நம் பக்கத்துக் காதுகுத்து பேனருக்கு ஒரு இலக்கணம் உண்டு. நடுவில் குழந்தை. கீழே மண்ணில் இருக்கிற பெரியவர்கள் வரிசை. மேலே மேகத்துக்குள் காலமாகிவிட்டவர்கள். அவர்களுக்கு மட்டும் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இருக்கும். அதை வைத்துத்தான் ரோட்டில் போகிறவர்கள் இருக்கிறவர் யார், போனவர் யார் என்று கண்டுபிடிப்பார்கள். இருக்கிறவருக்கு ஒளிவட்டம் போட்டுவிட்டால் கொலைப்பழி வந்து சேரும்.

மனோஜ்குமாரின் அப்பா போய்ச் சேர்ந்து சில வருசமாகிறது. அவர் தலைக்குப் பின்னால் பொன்னிறத்தில் ஒரு வட்டத்தை ஆசை ஆசையாகச் செய்தாள் பிரவீனா. சின்ன வயசில் அவளுக்குக் காங்கேயம் சந்தையில் பொரி வாங்கிக் கொடுத்த சித்தப்பா. அந்த ஞாபகத்திலேயே கை ஓடிக்கொண்டிருந்தது. கீழ் வரிசைப் படங்களுக்கெல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் கரை கட்ட வேண்டும். ஒரு படத்துக்குச் செய்த அலங்காரத்தை நகலெடுத்து மற்ற படங்கள் மேல் ஒட்டிவிட்டால் மொத்தமாக வந்துவிடும். அவள் நகலெடுத்தது சித்தப்பாவின் படத்திலிருந்து என்பதைக் கவனிக்கவில்லை. அழுத்திவிட்டு, மனோஜ்குமாரிடம் திரும்பி, குழந்தையின் பெயருக்குத் தங்கமா வெள்ளியா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் செல்போனில் பெண்டாட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஜாஹிதா மிஷினுக்கு ஃப்ளெக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து ஒரு உறுமல் கேட்டது.

பிரவீனா திரும்பினாள். காளிச்சாமி நாற்காலியில் முன்னால் சாய்ந்து, இடது கையைத் திரையை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு எதையோ பிடிக்கப் பார்த்தது.

“என்னங்கப்பா, தண்ணி வேணுமா?”

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். மறுபடியும் திரையைக் காட்டினார். இப்போது மனோஜ்குமாரும் பார்த்துவிட்டான். கீழ் வரிசையில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேர் தலைக்குப் பின்னாலும் பொன்வட்டம் தகதகவென்று நின்றது. முதல் ஆளாகக் காளிச்சாமி. கண்டக்டர் சட்டையில், பளபளக்கிற வட்டத்துக்கு நடுவே, மேலுலகம் போய்ச் சேர்ந்த சிரிப்போடு.

“அக்கா” என்றான் மனோஜ்குமார்.

அதற்குள் காளிச்சாமி கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“கி... கிறுக்கி” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளினார். “சாவுல. நானு... இன்னும் சாவுலடி.”

ஜாஹிதா மாட்டிக்கொண்டிருந்த ஃப்ளெக்ஸை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். மனோஜ்குமார், “பெரீப்பா, தெரியாம நடந்துபோச்சுங்க, மன்னிச்சுக்கங்க” என்று கும்பிடப் போனான்.

பிரவீனாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கண்ணு வருமா வருமா என்று ஒரு வருசமாக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள். ஆயுசில் யாரையும் டி போட்டுப் பேசாத மனுசன் அவளை டி என்கிறார். அந்த ஒரு எழுத்தில் ஊர்பேர் தெரியாத ஜனங்களையெல்லாம் விலக்கிவிட்டு அவள் மட்டும் அவருக்கு மகளாகிவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அதோடு கண்ணும் வழிந்தது. நாற்காலியை விட்டு இறங்கி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னொருக்கா திட்டுங்கப்பா. இன்னும் நல்லா வையுங்க.”

காளிச்சாமிக்குக் கோபம் இன்னும் இறங்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, “போடி” என்றார்.