தட்டுக்கு ஐந்து

1. கார்டு

தொண்ணூறுகளில் ஆழ்வார்பேட்டையில் ஒரு ஸ்பானிஷ் ரெஸ்டாரன்ட் திறந்தார்கள். நான் அங்கே கேப்டன். ஆர்டர் எடுப்பவன், அவ்வளவுதான். டிரே தூக்குகிறவர்களுக்கு ஒரு படி மேல், முதலாளிக்குப் பத்துப் படி கீழ்.

அங்கே போட்டது டாப்பாஸ். சின்னச் சின்னத் தட்டுகள். மேசை நடுவில் வைப்போம். அவரவர் கை நீட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாளி கப்பலில் சமையல் பார்த்தவர், பார்சிலோனாவில் இறங்கும்போதெல்லாம் தின்று தின்றே தொழில் கற்றவர். கிச்சன் சுவரில் அவர் ஒட்டிய ரெசிபி கார்டுகள் எல்லாம் ஒரே வரியில் முடியும்: தட்டுக்கு ஐந்து பீஸ்.

ஏன் ஐந்து என்று முதல் நாளே அவரிடம் கேட்டேன்.

"நாலு பேர் உக்காந்தா ஒண்ணு மிஞ்சும். யார் எடுக்கறதுன்னு பேச்சு வரும். பேச்சு வந்தா அடுத்த பிளேட் வரும். கார்டை மாத்தினா வேலை போயிடும்."

ஆறு பேர் உட்கார்ந்தால் என்று நான் கேட்கவில்லை.

2. ஆறு பேர்

ஒரு சனிக்கிழமை, வெயில் கண்ணாடிக் கதவில் சாய்ந்து நின்ற நேரம். இரண்டு குடும்பங்கள் வந்தன. இந்தப் பக்கம் மயிலாப்பூர்ப் பெண், அவள் அப்பா, அம்மா. எதிர்ப்பக்கம் தி. நகர்ப் பையன், அவன் அப்பா, அம்மா. பெண் பார்க்கிற காரியத்தை வீட்டில் சொஜ்ஜி பஜ்ஜியோடு முடிக்காமல் வெளியே வைத்துக்கொள்வது அப்போதுதான் தொடங்கியிருந்தது. பட்டுப்புடவையைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதல் தட்டு, சீஸ் வைத்துப் பொரித்த உருண்டை. பையன் வீட்டார் மூவரும் ஆளுக்கு ஒன்று. பெண்ணின் அப்பா ஒன்று, பெண் ஒன்று. தட்டு காலி. "நேக்கு வேண்டாம், ஆத்துல சாப்ட்டுட்டுதான் வந்தேன்" என்றார் பெண்ணின் அம்மா. யாரும் அவரைக் கேட்கவே இல்லை.

இரண்டாவது, பூண்டு போட்ட காளான். எண்ணெய் ஒத்துக்காது என்றார். மூன்றாவது, தக்காளி தேய்த்த ரொட்டி. பல் கூசுகிறது என்றார். மூன்று தட்டுக்கு மூன்று காரணம். பையனின் அப்பா அந்த நேரமெல்லாம் பாண்டி பஜாரில் ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கிச்சனுக்குப் போனேன். ராயப்பேட்டை ஆல்பர்ட் அடுப்பில் நின்றான்.

"அடுத்தது ஆறா போடு."

"இன்னா நைனா, கார்டுல அஞ்சுன்னு கீது. உனுக்கும் எனுக்கும் சேத்து வேலை பூடும்." சொல்லிக்கொண்டே ஆறாவதை எடுத்து வைத்துவிட்டான்.

மேசைக்குத் திரும்பி, பெண்ணின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டேன்: "மேடம், அடுத்ததை ஆறா கொண்டு வரட்டுமா?"

அவள் அம்மாவின் தட்டைப் பார்த்தாள். கழுவி வைத்த மாதிரி இருந்தது.

"இதுவரைக்கும் அஞ்சுதான் வந்துதா?"

"ஆமா மேடம்."

"அப்ப அஞ்சே கொண்டு வாங்கோ."

ஆறாவதை ஆல்பர்ட் வாயில் போட்டுக்கொண்டான். ஐந்து உருளைக்கிழங்குத் துண்டுகள் மேசைக்குப் போயின. பெண் முதலில் கை நீட்டினாள். எடுத்ததை அம்மாவின் தட்டில் வைத்தாள்.

"நேக்கெதுக்குடி?"

"சாப்டும்மா."

மீதி நான்கும் அவரவர் கைக்குப் போயின. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பையனைப் பார்த்தபடி இருந்தாள். அவன் மென்றான். தண்ணீர் குடித்தான். ஸ்கூட்டர் பேச்சுக்குத் தலையாட்டினான். பெண்ணுடைய அப்பாவின் கை மட்டும் வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"பொண்ணு உடம்பைக் குறைக்கறா போலிருக்கு" என்று பையனின் அம்மா சிரித்தார். பையனும் சிரித்தான்.

அவளும் சிரித்தாள். பிறகு பில் கேட்டாள்.

3. இரண்டு பேர்

சில மாதங்கள் கழித்து அவளும் அம்மாவும் மட்டும் வந்தார்கள். காட்டன் புடவை. ஆர்டர் எடுக்கும்போது அவளாகவே சொன்னாள்: "அன்னிக்கு நீங்க ஆறா கொண்டு வந்திருந்தேள்னா, அந்தப் பையனுக்கு நான் சரின்னு சொல்லியிருப்பேன்."

சீஸ் உருண்டை எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஹோட்டல் மாறிவிட்டேன். புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்வது ஒன்றுதான். மெனு பத்து நாளில் மனப்பாடமாகிவிடும். மேசையைத் துடைக்கும்போது எந்தத் தட்டு அழுக்காகாமல் திரும்புகிறது என்று பாருங்கள். அது யாருடையது என்று ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அவரிடம் முதலில் நீட்டுங்கள்.

அவர்கள் இருவர் மட்டும் வந்த அன்றைக்கும் ஐந்துதான் கொண்டு வைத்தேன், முதலில் அம்மாவின் பக்கம். மகள் இரண்டு எடுத்தாள். அம்மா மூன்று எடுத்தார். எந்தக் காரணமும் சொல்லவில்லை.