இறங்கிப் பார்த்து வாங்கிய வீடு

நான் ஒரு மடையன். வீடு வாங்குவதற்கு முன்னால் இந்தத் தெருவை இறங்கி மட்டும்தான் பார்த்தேன், ஏறிப் பார்க்கவில்லை. விற்றவர் என்னைத் தேயிலைத் தோட்டத்து மேல் ரோடு வழியாக ஆட்டோவில் கூட்டிவந்து, வீட்டைக் காட்டி, பேசிக்கொண்டே கீழே ஹட்டன் கடைவீதிக்கு நடத்திப் போனார். "என்ன சுகமான தெரு!" என்றேன். அவர் சிரித்தார். ஏன் சிரித்தார் என்பது குடிவந்த மறுவாரம் கேஸ் சிலிண்டரோடு ஏறியபோது தெரிந்தது. மேல் ரோடு மலையைச் சுற்றிக்கொண்டு வரும், ஒவ்வொரு தடவையும் ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டாது. மழை என்றால் எந்த ஆட்டோவும் வராது.

தேயிலைப் பெட்டிகளை ஸ்டேஷனுக்கு இறக்க வெட்டிய பாதையாம் இது. பெட்டிகள் திரும்பி ஏறப்போவதில்லை. தூக்கிப் போனவர்கள் ஏறவேண்டுமே என்று வெட்டச் சொன்ன துரைக்குத் தோன்றவில்லை. இப்போது ஒரு பக்கம் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான பழைய லயம், மறுபக்கம் சலூனும் மரக்கறிக் கடையும். பாதி வழியில் பிள்ளையார் கோயில். சரியாக மூச்சு முட்டுகிற இடத்தில் இருப்பதால் எங்கள் தெருவில் எல்லோரும் பக்திமான்கள்.

என் மனைவிக்கு முழங்கால் போய்விட்டது. டிக்கோயா கிளினிக்குக்கு மட்டும் இறங்குவாள். போன மாதம் திரும்பும்போது கோயில் படியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னொரு தடவ இறங்குனா ஏற மாட்டேங்க. கீழ ஒரு வீடு பாருங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கும் அலுத்துவிட்டது. இதை விற்றால்தான் கீழே வீடு.

பார்க்க வந்தவர், திம்புள்ளப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அவரையும் மேல் ரோடு வழியாக ஆட்டோவில்தான் கூட்டிவந்தேன். வீட்டைக் காட்டிவிட்டு, துரை கதை, பெட்டிக் கதை எல்லாம் சொல்லிக்கொண்டே கடைவீதிவரை நடத்தி வந்தேன். அவர் குடையை ஊன்றியபடி "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"எப்படிங்க அக்கா, சுகமான தெருதானே?"

அவர் திரும்பி நின்று, காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகுமுன் பார்ப்பதுபோல, தெருவை அடியிலிருந்து உச்சிவரை ஒரு தடவை பார்த்தார். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினார்.

"வாங்க சேர், ஏறுவோம்."